மூலக்கொத்தளத்து ஏதென்ஸ்

தொந்தியில் பூசிய நல்லெண்ணெயை வளைத்த தகரத்தால் வழித்துக்கொண்டிருக்கிறார் கிருஷ்ணப்பன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மொட்டைமாடி; விடிந்ததும் அவர் அங்கேதான். பழங்காலக் கிரேக்க மல்லர்கள் இப்படித்தான் அழுக்கெடுப்பார்களாம். உடம்பெல்லாம் சிவப்புக் கோடு. "தண்ணி வந்துகினு கீது, சோப்பு கீது. உனுக்கு இன்னாயா வேண்டுதலு?" என்கிறார் மனைவி பூவம்மா. "கிரேக்கன் மாதிரி கீறனா, சொல்லு" என்று இவர் திரும்பி நிற்கிறார். "பூனை பிறாண்டுன மாதிரி கீற." பூவம்மா சிரிப்பதற்குள் இவரே சிரித்துவிடுகிறார்.

ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை. வீட்டுக் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. முட்டுக் கொடுக்கப் பழைய பேப்பர் கடையில் வாங்கிய உலக வரலாற்றுப் புத்தகம்தான் மனுஷனைக் கெடுத்தது. முன்பக்கத்து எகிப்தைக் கரையான் அரித்திருந்தது, பின்பக்கத்து ரோமை எலி தின்றிருந்தது. நடுவில் தப்பியது கிரேக்கம் மட்டும். "அப்பால இன்னா ஆச்சின்னு எனக்குத் தெரியாது மாமு, எலியத்தான் கேக்கணும்" என்பார். இப்போது புத்தகம் தலைமாட்டில் இருக்கிறது. கட்டில் ஆடுகிறது.

விருந்துக்குப் போனால் எல்லோருடைய பிராந்தி கிளாஸிலும் பாதிக்குமேல் தண்ணீரை ஊற்றிவிடுவார். கலக்காமல் குடிப்பவன் காட்டான் என்பது கிரேக்கர் கணக்கு. அதனாலேயே இப்போதெல்லாம் யாரும் அவரை விருந்துக்குக் கூப்பிடுவதில்லை.

மாலையானால் குத்துச்சண்டை கிளப். அதற்கு அவர்தான் செயலாளர். அதைவிடப் பெரிய பதவி, ரவுண்டு முடிந்ததும் மணி அடிப்பது. சங்கிலியில் தொங்கும் தண்டவாளத் துண்டை ஸ்பானரால் ஓங்கி அடிப்பார். அந்த 'டங்'குக்காகத்தான் பகல் முழுக்கப் பட்டறையில் பொறுமையாக இருக்கிறார். நடுநடுவே ஏதென்ஸ் பற்றிப் பேச்சு. "அங்க பொம்பளைங்க ஓட்டுப் போடுவாங்களா நைனா?" என்று கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டே மாயா ஒருநாள் கேட்டாள். கிளப்பிலேயே வேகமான கை அவளுடையது. இல்லை என்று ஒப்புக்கொண்டார். "அப்ப அது இன்னா ஊரு?" என்றாள் அவள். "நானே அங்க பொறந்திருந்தா அடிமையாத் தண்ணி சொமந்துகினு இருந்திருப்பேன். பேச எவன் வுட்ருப்பான்?" என்று தலையைச் சொறிந்தார்.

போன மாதம் அப்படிப் பேசிக்கொண்டே மணியடிக்க மறந்துவிட்டார். ரிங்கில் இருவர் மூச்சு வாங்கித் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். "வாயி மட்டும் வேலை செய்யுது, கை செய்யல. மணியடிக்கக்கூடத் தெரியாத ஆளு!" என்று கோச் அறிவு எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார். தப்பு தன்னுடையதுதான் என்று கிருஷ்ணப்பனுக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் அதிகமாக வலித்தது.

புத்தகத்தில் மருந்து இருந்தது. ஏதென்ஸ்காரர்கள் உடைந்த பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். யார் பெயர் அதிகமோ அவர் பத்தாண்டு ஊரைவிட்டு விலகியிருக்க வேண்டும். குற்றம் இல்லை, விசாரணை இல்லை. சொத்தும் மரியாதையும் அப்படியே இருக்கும். "நமக்கு ஒரு மாசம் போதும்பா" என்று கிளப்பில் அறிவித்தார். யாரை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் வேடிக்கையாக இருக்கட்டுமே என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

பானை ஓட்டுக்கு எங்கே போவது? எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர். எப்படியோ ஒரு சிமெண்டுப் பை நிறையக் கொண்டுவந்து சேர்த்தார். ஆளுக்கொரு சாக்பீஸ். முதல் ஆளாக 'அறிவு' என்று எழுதி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"ஓடு நல்லா கீதே. எங்க புடிச்ச?" என்றாள் மாயா.

"மூலக்கொத்தளத்துல. சும்மா கொட்டிக் கெடக்குது."

எல்லோரும் கையிலிருந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். மூலக்கொத்தளம் என்றால் சுடுகாடு. பிணத்தைச் சுற்றிவந்து உடைப்பார்களே, அந்தக் குடத்தின் ஓடு.

"கொள்ளிக்கொடமாய்யா?" சடசடவென்று எல்லாம் தரையில் விழுந்தன.

"கழுவித்தான்பா எடுத்தாந்தேன்! மண்ணுக்கு இன்னா தெரியும்?"

"ஒரே பேஜாரு. ஓடே வோணாம்" என்று மாயா எழுந்தாள். "இந்தாளு ஒரு மாசம் இந்தப் பக்கம் வரக்கூடாது. கை தூக்குங்கப்பா."

சிரித்துக்கொண்டேதான் தூக்கினார்கள். ஆனால் தூக்கினார்கள். கிருஷ்ணப்பன் சங்கிலியில் தொங்கும் தண்டவாளத் துண்டைப் பார்த்தார். ஒரு மாதம் மாலையில் எங்கே போய் உட்காருவது? ஸ்பானரை எவன் தொடுவான்? தானே போய்த் தலையைக் கொடுத்த முட்டாள்தனத்தை நினைத்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அவரை விட்டால் தூக்காத கை ஒருவருடையதுதான். சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அறிவு உறுமினார்:

"எல்லாரும் தூக்கிட்டீங்க. ஆளு போய்ட்டா மணி யாரு அடிக்கிறது?"

கிருஷ்ணப்பன் மடியில் கவிழ்த்திருந்த ஓட்டை எடுத்தார். கட்டைவிரலால் தேய்த்து எழுத்தை அழித்தார். பிறகு, வகுப்பில் பதில் தெரிந்த பையனைப் போல, மெல்லத் தன் கையைத் தூக்கினார்.