கேப்டனிடம் சொல்லாத பெயர்

ஈஸ்வரி அக்காவின் கணவர் ஆம்புலன்ஸிலிருந்து பேசினார். “ஆத்தூரு தாண்டி வந்துட்டோம் சாமி. போயிட்டா. வண்டியத் திருப்பிட்டோமுங்க” என்றார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உள்ள எங்கள் அலுவலகத்தில், அக்காவின் நாற்காலிக்கு எதிரே நின்றபடி கேட்டேன். அந்த வண்டியில் அக்காவை அனுப்பியது நான்தான். விமானம் இல்லை என்று சொன்னதும் நான்தான்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய வேலையும் தெரியும். உயிருக்குப் போராடுபவர்களைச் சேலத்திலிருந்து சென்னைக்குக் கொண்டுபோக, கேட்ட சில மணி நேரத்தில் தனி விமானம் ஏற்பாடு செய்வார். விமானி நன்றாகத் தூங்கினாரா, ஆக்ஸிஜன் போதுமா, அங்கே இறங்க முடியாவிட்டால் வேறு எந்த ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்கும்வரை ‘சரி’ என்ற சொல் அவர் வாயில் வராது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் தன் அப்பாவுக்காகப் போனில் கத்தினார். “ஏனுங்க, அவசரம் உங்களுக்குத்தானுங்க. மேகத்துக்கு ஏதுங்க அவசரம்?” என்றார் அக்கா. அதற்குள் சாலை வழியாகப் போக ஓர் ஆம்புலன்ஸையும் தயாராக நிறுத்தியிருந்தார்.

விமானியிடம் நோயாளியின் எடையை மட்டுமே என்னைச் சொல்ல விடுவார். பெயர், வயது கூடாது. ஒருமுறை ‘பச்சைக் குழந்தை’ என்று உளறிவிட்டேன். போனைப் பிடுங்கிக்கொண்டார். “கொழந்தைன்னா மனசு ‘போ’ன்னுதான் சொல்லும் சாமி. மனச நம்பி வண்டியத் தூக்குனா உள்ள இருக்கற அத்தன பேரும் சாவோணும்.”

போன வாரம் அக்காவுக்கே இதயத்தின் பெரிய ரத்தக்குழாய் கிழிந்தது. உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். சேர்வராயன் மலை மேல் இடியும் மழையும். எங்கள் விமானியான கேப்டனை அழைத்தேன். அக்காவைத் தங்கச்சி என்றே கூப்பிடுகிறவர் அவர். “ஒரு நோயாளி, அறுபது கிலோ, சென்னை” என்றேன். பெயரைச் சொல்லவில்லை.

“இந்த மேகத்துல முடியாது. பொறுக்கணும்” என்றார். பொறுக்க நேரமில்லை என்றார்கள் டாக்டர்கள்.

துக்க வீட்டில் கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “யாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா?”

“எடுத்திருப்பேன்.”

அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை. அக்காவும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார். ஆனால் பாழும் மனசு கேட்கிறதா? சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரோ என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் குத்துகிறது. உன் மேல் தப்பில்லை என்கிறார்கள் எல்லோரும். அக்காவின் கணவர் மட்டும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நேற்று திருச்செங்கோட்டிலிருந்து ஓர் அழைப்பு. கேப்டனிடம் பேசினேன். இத்தனை வருடங்களில் ஒருநாளும் கேட்காதவர் கேட்டார்: “நமக்குத் தெரிஞ்சவங்களா?”

அக்கா எனக்கு விட்டுப்போனது இந்த வாய்ப்பூட்டுதான். எடையை மட்டும் சொன்னேன்.