குழிக்கரையில் விடுபட்ட பெயர்

நாற்பதாம் நாள் விடிந்ததிலிருந்து அபியோசே உட்காரவில்லை. காராமணி வேகும் அண்டாவைக் கிளறினாள். போதும் என்று பெண்கள் விரட்டினார்கள். கொல்லைக் குழாயைத் திறந்தாள், மூடினாள், அழுத்தம் குறைவு என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஃப்ரீடவுன் குடிநீர்த் திட்டத்தில் அவள் பொறியாளர். இந்த வீட்டில் இன்று எமெரிக்கின் மகள், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அவுஜோ. கொல்லையில் வெட்டிய குழியில் காராமணி, அக்கரா வடை, பொரித்த வாழைப்பழம் எல்லாம் இட்டு, குடும்பத்தில் இறந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு இரண்டு கோலாக் கொட்டைகளைப் பிளந்து நான்கு பாதிகளையும் வீச வேண்டும். இரண்டு மல்லாந்து இரண்டு கவிழ்ந்தால், வந்தவர்களுக்குத் திருப்தி. வேறு மாதிரி விழுந்தால் யாரையோ கூப்பிடாமல் விட்டிருக்கிறோம்.

யார் விடுபடப் போகிறார் என்பது அபியோசேவுக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது.

எமெரிக் தார்ன்-வில்லியம்ஸ் அந்தப் பெயரோடு பிறந்தவர் அல்ல. போர்ட் லோக்கோவுக்கு அப்பால் தெம்னே இனத்தவரின் ஒரு கிராமத்தில் சோரி என்று பிறந்தார். ஏழு வயதில், படிக்கட்டும் என்று இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். முற்றம் பெருக்கினார், தண்ணீர் சுமந்தார், பள்ளியில் முதலாவதாக வந்தார். ஞானஸ்நானத்தன்று எமெரிக் ஆனார். வீட்டுப் பெயரும் கூடவே வந்தது. ஒரு நீதிபதியும் இரண்டு மருத்துவர்களும் தாங்கிய பெயர் அது. நில அளவை அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனபோது, பெயரைக் கேட்டதும் மேலதிகாரி எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினாராம். அப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார்.

"எந்திரிச்சது பேருக்காக. உக்காந்தது நான்."

முப்பத்தாறு வருடம் அங்கே வரைபடம் வரைந்தார். நகர வரைபடத்தில் தார்ன்-வில்லியம்ஸ் தெரு என்று எழுதியதும் அவர் கைதான். தன் அம்மாவைப் பற்றி மட்டும் பேசியதில்லை. ஆனால் வருடா வருடம் குழிக்கரையில், எல்லோரும் பெயர் சொல்லி முடித்த பிறகும் அவர் உதடு அசையும். அபியோசே பார்த்திருக்கிறாள். கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள். "என் அவுஜோல என் அம்மாவையும் கூப்பிடச் சொல்லு" என்றார். அவள் கண் ஆக்ஸிஜன் மீட்டரில் இருந்தது. முள் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த சிலிண்டருக்கு ஓடினாள். பதினோரு நிமிடம். திரும்பி வந்தபோது சிலிண்டர் தேவைப்படவில்லை.

இந்த நாற்பது நாளில் அப்பாவின் வரைபட இழுப்பறைகளை எல்லாம் கொட்டிப் பார்த்துவிட்டாள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயருக்கு நேரே ஒரு கோடு. கிராமத்துக்கும் போனாள். உள்நாட்டுப் போரில் எரிந்த ஊர்; இப்போது இருப்பவர்கள் வேறு ஆட்கள். எஞ்சியது ரெமிலேக்கு என்ற அத்தை. நீதிபதியின் மகள், எண்பத்தொரு வயது, இந்த வீட்டின் தலைவி. அபியோசே இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் ஒரே பதில்.

"உங்கப்பன் எங்க வீட்டுப் பிள்ளை. அவனுக்கு வேற அம்மா எதுக்குடி?"

பத்து மணிக்கு அத்தை கைத்தடியுடன் குழிக்கரைக்கு வந்தாள். கூரை விளிம்பில் கழுகுகள் குழிச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தன. நீதிபதியிலிருந்து தொடங்கி முப்பது பெயருக்கு மேல் மூச்சு வாங்காமல் கூப்பிட்டாள். கடைசியாக எமெரிக். கொட்டைகளை வீசினாள். நான்கும் கவிழ்ந்தன.

இன்னும் சில பெயர்கள். லண்டனில் இறந்த மருத்துவர், குழந்தையிலேயே போன இரட்டையர். மறுபடி வீசினாள். இரண்டு கவிழ்ந்தன, ஒன்று மல்லாந்தது, ஒன்று கல்லில் சாய்ந்து நின்றது. அதையும் மல்லாந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றான் கிளாடியஸ். அத்தையின் பேரன், வக்கீல்.

"கொட்டைக்கு நீ ஆஜராகாத. எடு" என்றாள் அத்தை.

மூன்றாவது முறை மூன்றுக்கு ஒன்று. நீதிபதித் தாத்தா வழக்கை ஒத்திவைத்துவிட்டார் போல என்று கிளாடியஸ் முணுமுணுக்க, பின்னால் சிலர் சிரித்தார்கள். அபியோசேவின் தலைக்குள் கணக்கு ஓடியது. இரண்டுக்கு இரண்டாக விழ, ஒரு வீச்சுக்குப் பதினாறில் ஆறு வாய்ப்பு. மூன்று முறை தொடர்ந்து தவறுவது நான்கில் ஒன்று. இதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனாலும் கால் நிற்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழிக்கரைக்கு வந்துவிட்டாள்.

"இன்னொருத்தங்க இருக்காங்க அத்தை. பேரு உங்களுக்குத் தெரியும்."

அத்தை கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்பா கடைசியாக் கேட்டது அது ஒண்ணுதான். நான் பேரைக் கேக்காம சிலிண்டர் எடுக்க ஓடிட்டேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தைய நாள் மழையில் ஊறிய மண்ணைக் காலால் கிளறினாள்.

அத்தை கொட்டைகளை உள்ளங்கையில் உருட்டினாள். பிறகு கூட்டத்தைப் பார்க்காமல், அபியோசேவுக்கு மட்டும் சொல்வதுபோல் சொன்னாள். கோடையில் அந்தப் பொம்பளை தலையில் அரிசிக் கூடையோடு வருவாள். பின்வாசலைத் தாண்டி விடமாட்டார்கள். ஒரு வருடம் கதவைத் திறந்தது அத்தைதான், அப்போது பத்து வயது. சோரி எங்கே என்று வந்தவள் கேட்டாள். இங்கே சோரி என்று யாரும் இல்லை, எமெரிக்தான் இருக்கிறான், அவனும் பள்ளிக்கூடம் போயிருக்கிறான் என்றாள் அத்தை. எமெரிக் மாடியில் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பொம்பளை கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் வரவே இல்லை.

"அந்த அரிசிய நாங்க சாப்பிட்டோம்" என்றாள் அத்தை.

கைத்தடியை ஊன்றி நிமிர்ந்தாள். நீதிபதியைக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டாள்.

"யாபோம். சோரியோட அம்மா. பின்வாசல் வேண்டாம். முன்வாசலாவே வாங்க."

கொட்டைகளை வீசினாள்.

மூன்று கவிழ்ந்தன, ஒன்று மல்லாந்தது. அபியோசே பார்த்தாள். கிளாடியஸும் பார்த்தான். அத்தையின் கைத்தடி முன்னால் நீண்டு, கவிழ்ந்த ஒன்றைத் தட்டி மல்லாத்தியது.

"விழுந்துடுச்சு" என்றாள்.

கிளாடியஸ் வாயைத் திறந்தான். பிறகு கூரையிலிருந்த கழுகுகளைப் பார்க்கத் தொடங்கினான்.

"என்னடி பாத்துட்டு நிக்கிற? தண்ணி ஊத்து. அவ்வளவு தூரம் வெயில்ல நடந்து வந்திருக்காங்க."

அபியோசே குவளையை எடுத்துக்கொண்டு குழிக்கரையில் உட்கார்ந்தாள்.