கருநாவல் நிறம் மட்டும்

ஜேர்மனியின் எசன் நகரில், தோட்டச் சங்கத்திடம் நான் வாடகைக்கு எடுத்த தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர், பஸ் ஓட்டுகிற ஒரு அண்ணை. மெலிந்த, நெடிய மனிதர். பேசும்போது கத்தரிக்கோலால் காற்றை வெட்டிக்கொண்டே இருப்பார். ஒரு மே மாதக் காலை அந்தக் கத்தரிக்கோலோடு என் வேலிப் படலையடியில் வந்து நின்றார். என் வேலி உயரம் கூடிப்போனதைத் தோட்டச் சங்கத்தில் சொல்லிவிட்டாராக்கும் என்று பயந்து, அவர் வாய் திறக்க முன்னமே மூன்று பொய் சொல்லி முடித்தேன்.

“அதை விடுங்கோ. உங்கட ரோஸ் நிற அக்கெலாயை வெட்டவேணும்.”

அக்கெலாய், மணிபோலத் தலைகுனிந்து பூக்கிற செடி. அவருடைய பாத்தியில் எல்லாம் கருநாவல் நிறம். என் பூவின் மகரந்தம் கலந்தால் அவருடைய விதையில் நிறம் மாறிவிடும். பதினொரு வருடமாக அந்த நிறத்தைக் காப்பாற்றி வருகிறாராம்.

“தேனீயல்லோ அண்ணை காவுது? அதுகளிட்டைச் சொல்லுங்கோ.”

“சொல்லிப் பாத்தனான், கேக்கேல்லை. அதுதான் உங்களிட்டை வந்தனான்.”

அவர் சிரிக்கவேயில்லை. நானே வெட்டினேன்.

நன்றி சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்கு நடந்தார். அது சங்கத் தலைவியுடையது. பாத்தி முழுக்க ரோஸ்.

“ஐயோ அண்ணை, அங்கை வேண்டாம்!”

அவர் தலைவியின் படலை மணியை அடித்தார். நான் கொட்டிலுக்குள் ஒளிந்துகொண்டேன். மறுநாள் அந்தப் பாத்தியில் ஒரு பூவும் இல்லை. என்ன சொன்னாரென்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.