செப்டம்பர் கைக்கு ஒரு குழல்

என் கணவர் எமெட் டிராக்ஸல் இறந்து இது இரண்டாவது குளிர்காலம். அவர் பழுது பார்த்த பள்ளிப் பேருந்துகளைப் பற்றியும் நாங்கள் வளர்த்த பெண்களைப் பற்றியும் எழுதலாம். ஆனால் அவரை நினைத்தால், கடைசி ஆண்டில் ஒரு துப்பாக்கிக் குழலுக்கு அவர் அளவு தேடியதுதான் முதலில் வருகிறது.

கேன் ஓடைத் திடலில் செப்டம்பர்தோறும் போட்டி நடக்கும். குழலின் வாய்வழியாகக் கருமருந்தும் ஈயக் குண்டும் இட்டு, கோலால் தள்ளி நிரப்பிச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிகளுக்கு மட்டும்தான் அங்கே இடம். எமெட் நின்று சுடுபவர். தாங்கல் இல்லை, வார் இல்லை, இரண்டு கைகள்தான். மேசையில் துப்பாக்கியைக் கிடத்திச் சுடுகிறவர்களை அவர் “சாப்பாட்டுக் கோஷ்டி” என்பார். பரிசு பெரும்பாலும் புகையிட்ட பன்றித் தொடை. அதை அவர் வென்ற ஆண்டுகளில் ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் மொச்சைச் சூப்பில் அந்த எலும்புதான்.

ஜனவரியில் சின்சினாட்டி மருத்துவர், தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார். இடது தோளில் தொடங்கியிருந்தது. நிறுத்த மருந்து கிடையாது. திரும்பும் வழியில் ஆற்றுப் பாலம் தாண்டியதும் எமெட் கேட்டார்.

“செப்டம்பர்ல நிப்பேனா, ஆர்டித்?”

“நிப்பே.”

“நிக்கிறது சரி. தூக்குவேனா?”

அவருடைய துப்பாக்கியின் குழல் ஓரங்குலத் தடிமன், ஐம்பது காலிபர் துளை, அதாவது அரை அங்குலம். முன்பக்கம் கனமாக இருப்பதால் குறி பார்க்கும்போது அதன் மூக்கு ஆடாது. அந்தக் கனத்தை இடது கைதான் தாங்கவேண்டும். அந்த வாரமே சுவரிலிருந்து எடுத்துப் பிடித்துப் பார்த்தார். மூக்கு மெல்லத் தாழ்ந்து நாற்காலியில் போய் இடித்தது.

வெர்லின் ஸ்டக்கி எங்கள் பகுதியில் குழல் செய்கிறவர், எமெட்டுக்குப் பள்ளிக்கூட நண்பர். பட்டறையில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

“நேரா சொல்றேன்டா. மேசைக்கு வந்துடு. ஒன்றரை அங்குலத் தடிமன்ல குழல் போட்டுத் தரேன். அது பாட்டுக்குக் கெடக்கும், நீ விசையத் தட்டுனா போதும்.”

“அதுக்கு உன் மாமியாரக் கூப்பிடு. உக்காந்த எடத்துலேர்ந்தே எல்லாரையும் சுடுறவங்க அவங்கதான்.”

வெர்லின் சிரித்தார். அப்புறம் இருவரும் அளவுகளில் இறங்கினார்கள்.

“தடிமன் அப்படியே இருக்கட்டும், துளையப் பெருசாக்கேன்” என்றார் எமெட். “அம்பத்தி நாலு போடு. அவ்வளவு இரும்பு உள்ளேர்ந்து போயிடுமில்ல?”

“போறது கொஞ்சந்தான். பெரிய குண்டுக்கு மருந்தும் கூடப் போடணும். அது ஒதைக்கிற ஒதைய உன் தோள் வாங்குமா?”

“அப்ப தடிமனக் கொறை. முக்கால் அங்குலத்துக்குச் சித்த மேல. துளை நாப்பத்தஞ்சு.”

“குழல் சுவர் மெல்லிசாயிடும்யா. குறிமுள் வைக்கப் பள்ளம் வெட்டுனா அந்த எடத்துல என்ன மிஞ்சும்? நான் செய்யமாட்டேன்.”

“நாப்பது?”

“நாப்பதுன்னா போடலாம். ஆனா சின்னக் குண்டு. ஓடைக் காத்து தள்ளிக்கிட்டுப் போயிடும்.”

“தள்ளட்டும். நான் காத்தப் பாத்துச் சுட்டுக்கறேன்.”

மெல்லிய குழல் கையில் நடுங்கும். எனவே அதை நீளமாக்கச் சொன்னார் எமெட். நீளம் இருந்தால், உள்ள கனம் முன்னால் தள்ளிப்போய் மூக்கு அசையாமல் நிற்கும். நாற்பத்தாறு அங்குலம் என்று முடிவானது. வெர்லினுக்கும் அது பிடித்திருந்தது. வரிசையில் வேறு வேலைகள் இருந்ததால் ஆகஸ்டில்தான் கிடைக்கும் என்றார்.

“அப்ப ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க” என்றார் எமெட். “இப்ப இருக்கிற கைக்குச் செய்யாத. செப்டம்பர்ல இருக்கப்போற கைக்குச் செய்.”

அந்தக் கை எப்படியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் ஒரு தண்ணீர்க் குழாயின் நுனியில் மணல் பையைக் கட்டிக்கொண்டு நின்று பழகினார். நான் அடுப்பில் சோள ரொட்டியைப் பார்த்துக்கொண்டே குழாயின் நுனியையும் பார்ப்பேன். ஒவ்வொரு மாதமும் பையிலிருந்து கொஞ்சம் மணலை வெளியே கொட்டினார். மே மாதம் வெர்லினைத் தொலைபேசியில் கூப்பிட்டு, குழலின் வெளிப்புற எட்டுப் பட்டைகளையும் இன்னும் சீவச் சொன்னார். ஜூலையில் மறுபடியும் கூப்பிட்டார்.

“இதுக்கு மேல சீவினா அது துப்பாக்கி இல்லடா, குடைக்கம்பி” என்றார் வெர்லின். ஆனாலும் சீவினார்.

ஆகஸ்டில் வெர்லினின் வீட்டுப் பின்வயலில் சுட்டுப் பார்த்தோம். புதிய குழலுக்கு எவ்வளவு மருந்து சரிப்படும் என்று கண்டுபிடிக்க வெர்லினே அளந்து, நிரப்பி, கையில் கொடுத்தார். எமெட் தூக்கினார். மூக்கு நின்றது. கடைசி மூன்று குண்டுகளின் ஓட்டைகளையும் ஒரு வெள்ளிக்காசால் மூடிவிடலாம். அன்று திரும்பும்போது வண்டியில் அவர் சீட்டியடித்தார். வாய்த் தசைகள் தளர்ந்திருந்ததால் காற்றுதான் வந்தது.

போட்டியன்று நான் கயிற்றுக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் இருந்தேன். அங்கே அவரவர் துப்பாக்கியை அவரவர்தான் நிரப்பவேண்டும். எமெட் மருந்தை அளந்து கொட்டினார். எண்ணெய்த் துணியில் குண்டை வைத்து, குழல் வாயில் தட்டி இறக்கினார். பிறகு கோலை எடுத்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தரையில் நிறுத்தினால் அந்தத் துப்பாக்கியின் வாய் அவர் மோவாய் வரை வரும். குண்டைத் தள்ள, அதற்கும் மேலே நீளும் கோலை, தலைக்கு மேலே கையை உயர்த்திப் பிடித்து அங்கிருந்து கீழே அழுத்தவேண்டும். தோளுக்கு மேலே அவர் கைகளில் எதுவும் மிச்சமில்லை. சுடுவதற்காக எல்லாவற்றையும் அளந்தவர்கள் நிரப்புவதை அளக்கவில்லை. பின்வயலில் எல்லாக் குண்டுகளையும் தள்ளியது வெர்லினின் கை.

எமெட் இரண்டு கைகளாலும் கோலைப் பிடித்துத் தொங்கினார். நெஞ்சைக் கொடுத்து அழுத்தினார். குண்டு பாதிவரை போய் நின்றுவிட்டது.

திடலின் பொறுப்பாளர் ஓலீட்டா ஃபின்க் அருகில் வந்தார். “எறங்கிடுச்சா, எமெட்?”

“பாதி.”

மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்போது சுட்டால் குழல் வெடித்துவிடும். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

“இன்னொரு தடவ தள்ளிப் பாக்கறேன்.”

“பாருங்க. அவசரமில்ல.”

சுற்று முடிந்து விசில் ஊதும்வரை தள்ளினார். பிறகு வெர்லின் துப்பாக்கியை வாங்கி ஒரே அழுத்தில் குண்டை இறக்கி, தள்ளிப்போய் மண்மேட்டில் சுட்டுக் காலி செய்தார். “அடுத்த சுத்துக்கு நான் நெரப்பித் தரேன். ஓலீட்டா ஒண்ணும் சொல்லமாட்டா.”

ஓலீட்டா தலையசைத்தார். எமெட்டும் மறுக்கவில்லை.

அடுத்த சுற்றில் வெர்லின் நிரப்பிக் கொடுத்தார். எமெட் கோட்டில் நின்று தூக்கினார். துப்பாக்கி இடுப்புவரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இருந்த கையைக் கோலில் செலவழித்துவிட்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்கினார். பிறகு திரும்பி, குழலின் வாய் யார் பக்கமும் போகாமல் கவனமாக வெர்லினிடம் நீட்டினார்.

“இந்தா. நெரப்பினது இருக்கு, பாத்து.”

வெர்லின் அதைச் சுட்டுக் காலி செய்து வண்டியில் வைத்த பிறகு, வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன்.

“ஆறு அங்குலம் கொறைச்சிருந்தா நெரப்பியிருப்பேன்” என்றார்.

“ஆமா.”

“ஆனா மூக்கு ஆடியிருக்கும்.”

“ஆமா.”

“கொஞ்சம் தடிமன் ஏத்தியிருந்தா ஆடியிருக்காது. ஆனா தூக்கியிருக்க முடியாது.” சோள வயல்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார். “எந்த அளவுன்னு நீ சொல்லு, ஆர்டித்.”

நான் படித்தவள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். வீடு வரும்வரை கூட்டியும் கழித்தும் பார்த்தேன், எந்த அளவும் சரிவரவில்லை.

அவரைப் பிடித்து இறக்கி, சமையலறை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, துப்பாக்கியை எடுக்க வண்டிக்குப் போனேன். அதுவரை அதை நான் தூக்கியதில்லை. கனமே இல்லை.