மூடிக்குள் போன முகூர்த்தம்

என் வீட்டுக்காரர் அருளம்பலம் கதவைப் பூட்டினால் ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். தெரு முனைவரை போய், திரும்பி வந்து இன்னொருதரம் இழுப்பார். ஓர்ஸ் ஹில்லில் படம்பிடிக்கும் கடை வைத்திருந்த மனிதருக்கு இந்தக் குணம். யுத்த காலத்தில் திருகோணமலையில் யாருக்குத்தான் பயமில்லை? ஆனால் இவர் அதற்கு முன்பும் இப்படித்தான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து கண்டு வருகிறேன்.

அவரிடம் இரண்டு கமராக்கள். ஒன்று ரிஃப்ளெக்ஸ். லென்ஸுக்குள்ளால் வருவதைத்தான் அதில் கண் பார்க்கும், பார்த்ததே படம். மற்றது பழைய ரேஞ்ச்ஃபைண்டர். அதில் லென்ஸ் ஓரிடம், பார்க்கிற சின்னக் கண்ணாடி வேறிடம். கண்ணாடிக்குள் இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகப் பொருத்தினால் தெளிவு சரி. மிச்சமெல்லாம் நம்பிக்கை. இவருக்கும் நம்பிக்கைக்கும் வெகுதூரம். ஆகவே ரேஞ்ச்ஃபைண்டர் அலுமாரியில் தூங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில், மூதூருக்கு அப்பால் கட்டைபறிச்சானில் கமலாதேவி என்ற பிள்ளையின் கலியாணத்துக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்திருந்தார். தாலி கட்டியதும் அவர் திரும்பிவிடுவார். பிள்ளை பின்னால் போக விசா வேண்டும். உண்மையான கலியாணம்தான் என்று தூதரகத்துக்குக் காட்ட, தாலி கட்டும் படம் இல்லாமல் முடியாது என்றார்கள். கொழும்பில் வைத்திருந்தால் சுலபம். ஆனால் தகப்பன் இராசையா நடக்க முடியாதவர், தாயும் இல்லை, வேறு பிள்ளைகளும் இல்லை. அப்பா பார்க்காமல் கழுத்தை நீட்டமாட்டேன் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றாள்.

சிக்கல் பற்றரியில் வந்தது. மூதூரைத் தாண்டினால் இயக்கத்தின் பக்கம், அங்கே பற்றரி கொண்டுபோக ஆமிக்காரர் விடமாட்டார்கள். பற்றரி இல்லாவிட்டால் ரிஃப்ளெக்ஸ் வெறும் இரும்பு.

“பொத்தான் அளவுதானே. உம்மட கொண்டைக்குள்ள வைச்சா ஆருக்குத் தெரியும்?” என்றார்.

“பிடிச்சா கொண்டையோட என்னையுமெல்லோ கொண்டுபோவாங்கள்! உங்களுக்குப் படம் பெரிசோ, பெண்சாதி பெரிசோ?”

இதற்குப் பதில் சொல்ல மனிதர் யோசித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கடைசியில் பற்றரியே தேவைப்படாத ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்துத் துடைத்தார்.

ஆண் தனியே கமராவோடு போனால் சந்தேகப்படுவார்கள் என்று நானும் கூடப் போனேன். கடல் கடக்கும் லோஞ்சு மூதூர் சேரும்வரை அவர் கடற்படைக் கப்பல்கள் நின்ற பக்கம் முகத்தையே திருப்பவில்லை. காவலரணில் சிப்பாய் கமராவைத் திறந்து, குலுக்கி, கண்ணில் வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் இவர் பிலிமைப் போட்டார். அப்போது கிடைத்தது அந்த ஒரு சுருள்தான்.

பிளாஷ் இல்லாததால் மணவறையை முற்றத்து வெளிச்சத்தில் போட்டிருந்தார்கள். இராசையா கதிரையில் இருந்தபடியே மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். அதை இவர் நன்றாகவே எடுத்தார். பிறகு ஓமப்புகை இவர் பக்கம் திரும்பியது. லென்ஸில் கரி படிந்துவிடும் என்று மூடியைப் போட்டார். புகை விலகவும் மேளம் உச்சத்துக்குப் போனது. மாப்பிள்ளை எழுந்து தாலியைக் கட்டினார். இவர் பட்பட்டென்று எடுத்துத் தள்ளினார். அரிசி தூவிவிட்டு நான் இவரைப் பார்த்தேன். லென்ஸின் மேல் கறுப்பு மூடி அப்படியே இருந்தது.

ரிஃப்ளெக்ஸ் என்றால் கண்முன்னே இருட்டாகியிருக்கும், உடனே தெரிந்திருக்கும். இதிலோ பக்கத்துக் கண்ணாடியில் கலியாணம் பளிச்சென்று நடந்துகொண்டிருந்தது.

நான் போய்க் காதில் சொன்னேன். அவர் மூடியைத் தொட்டுப் பார்த்தார். சுருளும் முடியப்போகிறது. மறைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் நேரே இராசையாவிடம் போய் உள்ளதைச் சொன்னார். “ஒருக்காக் கழட்டிப்போட்டு…” என்று இழுத்தார்.

“கட்டின தாலியைக் கழட்டுறதோ? என்ன கதை கதைக்கிறீர்!” இராசையா கதிரைப்பிடியில் ஓங்கி அடித்தார். முற்றம் முழுக்க ஒரே குசுகுசுப்பு. அபசகுனம் என்றாள் ஒருத்தி.

மணவறையிலிருந்து கமலாதேவி மாப்பிள்ளையைக் காட்டிப் பேசினாள். “தாலியில ஒருத்தரும் கை வைக்க வேண்டாம். இவர் கையை மட்டும் என்ர கழுத்துக்குப் பின்னால வைக்கட்டும். அண்ணை, நீங்கள் எடுங்கோ.”

இவர் மூடியைக் கழற்றி என் கையில் தந்தார். மாப்பிள்ளை குனிந்தபோது அவருடைய மாலை அவள் தோட்டில் கொழுவிக்கொண்டது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இவர் விரலும் அந்த நேரம் பார்த்துத்தான் அழுத்தியது. சுருள் முடிந்தது.

“சிரிச்சிட்டாளே! விசாக்காரன் பொய்க் கலியாணமெண்டெல்லோ சொல்லப்போறான்,” என்று வீடு வரும்வரை புலம்பினார். பிலிமைக் கழுவியபோது தாலி கட்டிய இடமெல்லாம் வெறுமையாக இருந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. வேறு வழியில்லாமல் அதையே கொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் சமைக்க மனம் வரவில்லை.

மாதங்கள் கழிந்து, கொழும்பிலிருந்து திரும்பும் வழியில் கமலாதேவி கடைக்கு வந்தாள்.

“விசா?” என்றார் இவர்.

“தந்திட்டினம் அண்ணை. ஆனா விசா அதிகாரி அந்தப் படத்தைத்தான் தூக்கிப் பிடிச்சுக் கேட்டவர். மற்றப் படங்களில எல்லாம் பயந்துபோய் இருக்கிறாய், தாலி கட்டேக்க மட்டும் ஏன் சிரிக்கிறாயெண்டு. உள்ளதைச் சொல்லிப்போட்டன், படக்காரர் மூடியைக் கழட்ட மறந்திட்டார், இது பிறகு நடிச்சதெண்டு.”

“ஐயோ பிள்ளை!” இவர் கதிரையில் விழுந்தார்.

“நடிக்கேக்க ஏன் சிரிச்சனீ எண்டார். வாற வழியில மாப்பிள்ளையை ஒருத்தரும் பிடிக்கேல்ல, ஷெல் விழேல்ல, அப்பா உயிரோட இருந்து பார்த்திட்டார், தாலியும் ஏறிட்டுது. அதுக்குப் பிறகும் சிரிக்காம என்ன செய்யிறது ஐயா எண்டன். அவர் படத்தைக் கீழ வைச்சிட்டார்.”

அவள் அன்றைக்கும் சிரித்தாள். இவரும் சிரித்தார், இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. எனக்கும் சந்தோசம்தான்.

“அப்பாட்டச் சொல்லிட்டியோ பிள்ளை?” என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது.

“இன்னும் இல்லை அக்கா,” என்றாள். “நான் போனா அவரை ஆர் பாக்கிறது?”