இரண்டரை மாத யுகம்

எங்கள் எதிர் ஃப்ளாட் சந்திரமௌலி மாமா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனிக்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மயிலாப்பூரிலேயே பஞ்சாங்கத்துக்கு அடங்காத ஒரே மனிதர். குக்கர் வெடித்தாலும் சரி, மழைத்தண்ணீர் கூடத்துக்குள் வந்தாலும் சரி, "இந்த யுகம் முடிஞ்சாச்சு" என்று அறிவிப்பார். அடுத்த யுகத்துக்கு ஒரு பெயர் வைப்பார். பிறகு, "சூடாமணி, காபி போடு" என்பார். கேட்டால், பல நூறு வருடங்களுக்கு முன் ஜப்பானில் ரியாகுனின் என்று ஒரு யுகம் இருந்ததாம். சிம்மாசனத்தில் ஒரு சின்னப் பிள்ளை. சகுனம் சரியில்லை என்று இரண்டரை மாதத்திலேயே அதை முடித்து, வேறு பெயரில் காலத்தை எண்ண ஆரம்பித்தார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலம் என்ன தண்ணீர்க் குழாயா, நினைத்தபோது மூட?

போன ஆவணியில் மாமா போய்விட்டார். துக்க வருடம் முடியும்வரை வீட்டில் கல்யாணம் கூடாது. பிள்ளை சாய்சரணுக்கு நிச்சயமான அனன்யாவோ, தை முடிந்ததும் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். அப்புறம் எப்போது வருவாளோ.

"மாசாமாசம் பண்ற சடங்கையெல்லாம் சேர்த்துப் பண்ணி வருஷத்தை முன்னாடியே முடிச்சுடலாம். சாஸ்திரத்துல இடமிருக்கு" என்றார் வாத்தியார். சூடாமணி மாமி மசியவில்லை. காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னாள். ஒவ்வொரு மாதமும் சடங்கு முடிந்த மத்தியானம் கண்ணயர்ந்தால் மாமா வருகிறாராம்.

"வருஷம் முடிஞ்சா பித்ருக்களோட போயிடுவார். அப்புறம் ஆத்துக்கு ஏண்டி வரப்போறார்?"

"பிள்ளை கல்யாணத்தைவிட உங்க மத்தியானத் தூக்கம் பெருசா மாமி?" என்று கேட்டேவிட்டேன். யாராவது கேட்க வேண்டாமா?

கார்த்திகைச் சடங்கன்றும் மாமா வந்தார். கூடமெல்லாம் கணுக்கால் அளவு கடல். நாற்காலியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாராம். ஜன்னல் வழியே சாந்தோம் அலைகள் ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல் உள்ளே வந்து போயின.

"இந்த யுகம் முடிஞ்சாச்சு சூடாமணி, காபி போடு" என்றாராம்.

மாமி எழுந்துபோய் இரண்டு டம்ளர் காபி போட்டாள். இரண்டும் ஆறிப்போன பிறகு வாத்தியாருக்குப் போன் செய்தாள்.

மார்கழியில் மிச்சச் சடங்கெல்லாம் ஒன்றாக முடிந்தன. தையில் முகூர்த்தம் குறித்தார்கள். சடங்கு முடிந்த அன்று சாயங்காலம் மாமி என் வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"வரலடி. கூடத்துல தண்ணியெல்லாம் வத்திப்போச்சு. நாற்காலி மட்டும் கிடக்கு."

"அதான் புது யுகம் பொறந்தாச்சே மாமி" என்றேன்.

"பொறந்தாச்சு. பேர் வைக்க அவர் இல்லையே" என்றாள்.