பரம்படித்த மாலதியும் ஆம்பளைக் கூலியும்

போன புரட்டாசியில் திருக்காட்டுப்பள்ளிக்குப் போனதற்கு ஒரே காரணம், சம்பா நடவைப் பார்க்கும் ஆசை. என் கல்லூரித் தோழி மாலதி அங்கே குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் செய்கிறாள், கணவர் சிங்கப்பூரில். தஞ்சாவூரிலிருந்து காலை ஆறு மணி பஸ், சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.

போய்ச் சேர்ந்தால் வரப்பில் பஞ்சாயத்து. பறித்த நாற்று குவிந்து கிடக்கிறது. அன்றே நடாவிட்டால் வீணாகிவிடும். வயலோ இன்னும் சமப்படவில்லை. சேற்றை மட்டப்படுத்தும் பரம்புப் பலகையைக் கட்டி இழுக்க மாலதியின் டிராக்டர் தயார். டிரைவர்தான் மச்சான் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

“நானே ஓட்டுறேன்” என்றாள் மாலதி. ஒரு வருடமாகப் பழகி வைத்திருந்தாள்.

நடவுக் கூலி போதாது என்று ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்த நடவு ஆட்களின் தலைவி அஞ்சலை அக்கா இடுப்பில் கை வைத்தார். “பொம்பளை பரம்படிச்சா மேடும் பள்ளமுமா கெடக்கும். அதுல நட்டா எங்க முதுகுதான் போவும். நாங்க எறங்க மாட்டோம்.” பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். மருந்துக்குக்கூட ஓர் ஆண் அங்கே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலதி டிராக்டரில் ஏறி ஓட்டினாள். முதல் திருப்பத்திலேயே என்மேல் அரை வயல் சேறு. (நடவு பார்க்க வெள்ளைச் சுடிதாரில் போன புத்திசாலி நான்.) ஆனால் முடித்தபோது வயல் முழுக்கத் தண்ணீர் ஒரே மட்டமாக நின்றது. அஞ்சலை அக்கா இறங்கி மூலைக்கு மூலை மேடு தேடினார். கிடைக்காத கோபத்திலேயே நடவை ஆரம்பித்தார். மாலைக்குள் நாற்று முழுக்க வயலுக்குள் போனது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

டீ குடிக்கும்போது அக்கா மெல்ல ஆரம்பித்தார். “நாளைக்கு எங்க வயலுக்கும் வந்து அடிச்சிக் குடு.”

“டிரைவர் கூலி குடுப்பீங்களாக்கா?”

“பொம்பளைக்கு எதுக்குடி ஆம்பளைக் கூலி?”

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. டம்ளர் பாதியில் நின்றது. நடவுக் கூலி ஆம்பளைக் கூலியில் பாதிதான் என்று அன்று காலை முதல் மாலதியிடம் சண்டை போட்டவரே அவர்தான். பெண்கள் சிரித்த சிரிப்பில் வரப்புக் கொக்குகள் பறந்தன.

நீங்கள் போவதானால் மாற்றுத் துணி அவசியம். அந்தப் பக்கம் பரம்படிக்க ஆள் வேண்டுமென்றால் அஞ்சலை அக்காவைக் கேளுங்கள். மாலதிக்கு இப்போது வேலை பிடித்துத் தருவது அவர்தான். பொம்பளைதானே என்று கூலியைக் குறைத்துக் கேட்டால், மாலதி சும்மா விட்டாலும் அக்கா விடமாட்டார்.